ராஜாக்கள் தாமாக விழுந்த ஊர்

கல்லாமுனைச் சதுரங்கக் கழகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் அந்த ஊரில் ராஜாக்கள் தாமாக விழத் தொடங்கினார்கள் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கம்ப்யூட்டரால் விழுந்தார்களா, இல்லை விழுவதற்கென்றே காத்துக்கிடந்து அன்றைக்கு ஒரு சாக்குக் கிடைத்ததும் விழுந்தார்களா என்பதில்தான் ஊர் இரண்டுபட்டது. கொஞ்ச நாளில் அந்தச் சண்டையும் அலுத்துப்போய், மழை ஏன் பெய்கிறது என்று கேட்காத ஜனங்கள் ராஜா ஏன் விழுகிறார் என்றும் கேட்காமல் விட்டுவிட்டார்கள்.

கழகம் இருந்தது மீன்சந்தைக்கு எதிரே, இரும்புக்கடை மாடியில். செயலாளர் ரொசாரி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் துபாயிலிருந்து அனுப்பிய கம்ப்யூட்டரில் ஒரு செஸ் புரோகிராம் இருந்தது. அந்தக் காலத்தில் பத்திரிகைகள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் அரைத்துக்கொண்டிருந்தன. புரோகிராம்கள் பெரிய பெரிய ஆட்டக்காரர்களையே மூச்சுத் திணற வைக்கின்றனவே, இனி மனிதர்களின் கதி என்ன, இன்னும் எத்தனை வருஷம் தாக்குப்பிடிப்பார்கள் என்று. கல்லாமுனைக்கு அவ்வளவு பெரிய கேள்வியெல்லாம் தேவைப்படவில்லை. நம்ம ஆதிலிங்கம் சாரை அது ஜெயிக்குமா, அதைச் சொல்லு முதலில் என்றது.

ஆதிலிங்கம் சார் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஊரிலேயே சுத்தமான ஆட்டம் அவருடையது. சுத்தம் என்றால் ஜெயிப்பதில் மட்டுமில்லை, தோற்பதிலும். கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு: ஆட்டம் பலகையில் முடிவதில்லை, கையில்தான் முடியும். தோற்றவர் தன் ராஜாவைப் படுக்க வைத்துவிட்டுக் கையை நீட்ட வேண்டும், ஜெயித்தவர் அந்தக் கையைப் பிடித்து ‘நல்ல ஆட்டம்’ என்று சொல்ல வேண்டும். அதுவரைக்கும் யாரும் எழுந்து போகக்கூடாது, எதிராளி யோசித்துக்கொண்டிருந்தால் விடிய விடிய ஆனாலும் உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். ஆதிலிங்கம் சார் தோல்வி என்று தெரிந்த நொடியே ராஜாவைப் படுக்க வைப்பார். அதற்குமேல் இழுப்பது எதிராளியை அவமதிப்பது என்பது அவர் கட்சி. தொட்ட காயை, யாரும் பார்க்காதபோது தொட்டிருந்தாலும், நகர்த்தாமல் விட்டதில்லை.

அவர் மனைவி சுயம்புக்கனி இதற்கு நேர் எதிர். மின்வாரிய அலுவலகத்தில் புகார் டெலிபோன் எடுப்பவள். ஊர் முழுக்க இருண்டு கிடக்கும்போது, ‘இப்ப வந்துரும், இப்ப வந்துரும்’ என்று ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் சொல்லிச் சொல்லி, அந்தப் பேச்சு அவள் ஆட்டத்திலும் ஊறிவிட்டிருந்தது. ராணி போன பிறகும் ஆடுவாள். யானையும் போன பிறகு, அப்போதுதான் சௌகரியமாகச் சம்மணம் போட்டு உட்காருவாள். ஜெயித்த ஆட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் எதிராளி மெல்ல மெல்லக் கடுப்பாகி, வீட்டு ஞாபகம் வந்து, பசி வந்து, ஒரு சின்னத் தப்புப் பண்ணுவான். அந்தத் தப்புக்காகத்தான் அவள் அங்கே குடித்தனம் நடத்திக்கொண்டிருப்பாள். ஆதிலிங்கம் சாரையே கல்யாணத்துக்கு முன் அப்படித்தான் தோற்கடித்தாள். அவர் வீட்டுக்குப் போய் அம்மாவிடம், ‘இந்தப் பிள்ளைய எனக்குக் கேளுங்க, நான் எல்லாத்தையும் வெரசா விட்டுருத ஆளு, என்கூட இப்படி ஒருத்தி இருக்கணும்’ என்றாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆதிலிங்கம் சார் புரோகிராமோடு ஆடினார்; அதன் நகர்த்தல்களை ரொசாரி பலகையில் வைத்தார். மாடி கொள்ளாத கூட்டம். பத்துப் பன்னிரண்டு நகர்த்தலிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. எழுந்து நின்று, ராஜாவைப் படுக்க வைத்து, வழக்கப்படி கையை நீட்டினார். கம்ப்யூட்டருக்குக் கை இல்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, கூட்டம் சங்கடப்பட, ரொசாரிதான் குறுக்கே புகுந்து அதன் சார்பில் அந்தக் கையைப் பிடித்து ‘நல்ல ஆட்டம் சார்’ என்றார்.

அதற்கடுத்து விளையாட உட்கார்ந்த இரண்டு பேரில் ஒருவர், குதிரையை எடுத்து ஓர் ஓரத்தில் வைத்தார். வைத்ததும் அவருடைய ராஜா, யாரும் தொடாமல், காற்றும் இல்லாமல், மெதுவாகச் சாய்ந்து பலகையில் படுத்துக்கொண்டார். நிமிர்த்தி வைத்தார்கள், மறுபடி படுத்தார். அந்த ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். அது அதே குதிரையைச் சுட்டிக்காட்டி, இங்கேயே முடிந்துவிட்டது என்றது. சரிதான் என்று இருவரும் கை கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

பிறகு எல்லாப் பலகைகளிலும் அதுவே நடந்தது. இனி மீள வழியில்லை என்ற இடத்துக்கு ஆட்டம் வந்த அந்தக் கணத்தில், அது ஆடுகிறவர் இருவருக்குமே தெரியாமல் இருந்தாலும், ராஜாவுக்குத் தெரிந்துவிடும். ஆசாரியைக் கூப்பிட்டு மேஜை மட்டம் பார்த்தார்கள். ராஜாக்களின் அடியில் ஈயம் ஊற்றினார்கள்; ஈயம் ஊற்றிய ராஜாக்கள் இன்னும் பெரிய சத்தத்தோடு விழுந்தார்கள். ரொசாரி பங்குச்சாமியாரை அழைத்துவந்து தீர்த்தம் தெளித்தார், நனைந்துகொண்டே விழுந்தார்கள். அதோடு விட்டுவிட்டு, ‘ராஜா விழுந்தால் ஆட்டம் முடிந்தது’ என்று சுவரில் ஒரு பலகை எழுதி மாட்டினார்கள். முன்பெல்லாம் மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கும்வரை நடந்த ஆட்டங்கள், டீ ஆறுவதற்குள் முடிந்தன. மிச்சமான நேரத்தில் ஆட்டக்காரர்கள் சந்தையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சுயம்புக்கனிக்கு மட்டும்தான் இதில் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“அண்ணாச்சி, நான் தோத்துட்டேன்னு எதுத்தாப்புல இருக்கவருக்குத் தெரியாதுல்லா. அவருக்குத் தெரியாத வரைக்கும் நான் தோக்கலியே. அந்த இடத்துலதான நான் ஆடுதேன்” என்றாள் ரொசாரியிடம்.

“இப்ப ராஜாவே சொல்லிப்புடுதாரே தங்கச்சி. நான் என்ன செய்ய” என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

இது சதுரங்கத்தோடு நின்றிருந்தால் ஊருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் ஒரு பெரிய மனுஷன், நிலத்தகராறு வழக்குக்குப் போகும்போது தற்செயலாகச் சட்டைப்பையில் ஒரு ராஜாவை வைத்திருந்து, கோர்ட்டு பெஞ்சில் எடுத்து வைக்க, அது விழ, வழக்கும் தோற்றுப்போனது. அவ்வளவுதான், ஊரில் ஆளாளுக்கு ஒரு ராஜாவைத் தேடத் தொடங்கினார்கள். பெண் பார்க்கும் வீட்டில் பூந்தட்டுக்குப் பக்கத்தில் ராஜாவை வைத்தார்கள், தேர்தலில் நின்றவர்கள் ஜீப்பின் முன்னால் வைத்தார்கள், வலைக்குப் போகிறவர்கள் படகின் முன்பக்கத்து அணியத்தில் வைத்தார்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் மேஜையில் வைத்தார்கள். விழுந்த வீட்டில் பெண்ணைக் கேட்காமல் எழுந்து வந்தார்கள், விழுந்த கட்சிக்காரன் வாக்குக் கேட்காமல் வீட்டில் தூங்கினான், விழுந்த படகு கரையிலேயே கிடந்தது, ஆடி மாசமே ராஜா விழுந்த பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டுத் தெருவில் நின்றார்கள். யாரும் சண்டை போடவில்லை. ஊரே மரியாதையாகிவிட்டது. கல்லாமுனையில் அந்த வருஷம் வீண் முயற்சி என்று ஒன்று நடக்கவே இல்லை.

மின்வாரியத்தில் டெலிபோன் அடிப்பதுகூடக் குறைந்துபோயிற்று. கரண்டு போனால் ஜனங்கள் ஸ்விட்சுப் பெட்டிக்குக் கீழே ராஜாவை வைத்துப் பார்த்தார்கள். விழுந்தால் விசிறியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். சுயம்புக்கனி வேலை இல்லாமல் டெலிபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் கணவரோடு ஆடும்போது மட்டும், அவள் ராஜா விழுந்தால், காயைச் சரிசெய்கிறவர்கள் சொல்கிற மாதிரி ‘அட்ஜஸ்ட்’ என்று சொல்லி நிமிர்த்தி, ஒரு விரலால் பிடித்துக்கொண்டே அடுத்த காயை நகர்த்துவாள்.

“விழுந்தாச்சுல்லா கனி. பெறவு என்னத்துக்கு” என்பார் ஆதிலிங்கம் சார்.

“உங்களுக்கு இன்னும் பசிக்கலயே. பசிக்கட்டும், பாப்போம்.”

அவர் சிரித்துவிட்டுப் பலகையை மடித்து வைப்பார்.

அந்த மார்கழியில் அவருக்கு ஈரலில் வியாதி என்று தெரிந்தது. மஞ்சளாகி, மெலிந்து, வேட்டி இடுப்பில் நிற்காமல் போனபோது ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் மெர்சி சின்ன வயதுக்காரி, வெளியூர். ராஜா விஷயமெல்லாம் அவளுக்குப் பிடிபடவில்லை. புதுசாக ஒரு மாத்திரை இருக்கிறது, சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை, வயிற்றைப் புரட்டும், ஆனாலும் விடாமல் சாப்பிட வேண்டும் என்றாள். சிலருக்குக் கேட்கிறது என்ற பாதி வாக்கியம் சுயம்புக்கனிக்குப் போதுமானதாக இருந்தது. ஆதிலிங்கம் சாரும், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மாத்திரையை விழுங்கி, வாந்தியெடுத்து, மறுபடி விழுங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கழகத்துக்காரர்கள் மொத்தமாகப் பார்க்க வந்தார்கள். சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். சுயம்புக்கனி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். ரொசாரி கண்ணாடியைத் தேடிச் சட்டைப்பையைத் துழாவி, கைக்குட்டை, ஜெபமாலை, ஒரு கறுப்பு ராஜா என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில் பக்கத்து அலமாரிமேல் வைத்தார். வேண்டுமென்று வைக்கவில்லை, பாவம், அவருக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை. ராஜா கொஞ்ச நேரம் நின்றார். ஆதிலிங்கம் சார் அதைப் பார்த்தார், எல்லாரும் பார்த்தார்கள். பிறகு ராஜா மெதுவாகச் சாய்ந்து படுத்துக்கொண்டார்.

அப்போது நடந்ததுதான் அந்தக் கூட்டத்தைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க முடியாத தப்பு. எத்தனையோ வருஷப் பழக்கத்தில், ராஜா படுத்ததும் ரொசாரியின் கை தானாக முன்னால் நீண்டது. வாய் தானாகத் திறந்து ‘நல்ல ஆட்டம் சார்’ என்றது. ஆதிலிங்கம் சார், அவரும் அதே பழக்கத்துக்காரர்தானே, படுத்தபடியே கையைத் தூக்கி அதைப் பிடித்தார். பின்னால் நின்றவர்களுக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வந்து கை கொடுத்தார்கள்.

மாத்திரைப் பொட்டலத்தோடு படியேறி வந்த சுயம்புக்கனி அந்த வரிசையைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தில், ஆட்டம் முடித்து எழுந்த நாள்களில் இருக்குமே, அந்த நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்ததும் அவள் வரிசையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். படி இறங்கும்போதுதான் ரொசாரிக்குத் தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெரிய உடம்பு குலுங்க, அழுதார்.

அன்று சாயங்காலம் மாத்திரையை நீட்டியபோது ஆதிலிங்கம் சார் தலையை அசைத்தார்.

“கை கொடுத்தாச்சு கனி. ஆட்டம் முடிஞ்ச பெறவு காய நகத்துதது மரியாதையில்ல.”

அந்த மரியாதை ஊருக்கும் இருந்தது. நர்சுகள் அவர் கட்டிலைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் அவர் வகுப்புக்கு வேறு ஆளைப் போட்டார்கள். தெருவில் எதிர்ப்பட்டவர்கள், ‘தங்கமான மனுசனா இருந்தாரும்மா’ என்று சுயம்புக்கனியிடம் துக்கம் விசாரித்தார்கள், அவருக்குக் கஞ்சி கொண்டுபோகிற தூக்குச்சட்டி அவள் கையில் சூடாக இருக்கும்போதே. சாரின் தங்கை பேச்சியம்மாள் ஒரு புது வேட்டியும் பந்தலுக்கு ஆளும் ஏற்பாடு செய்துவிட்டு வந்து, “மதினி, ஒங்களுக்கு அலைச்சல் வேண்டாமேன்னுதான்” என்றாள். அவள் கெட்டவள் இல்லை. அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவள்.

சுயம்புக்கனி நேரே இரும்புக்கடை மாடிக்குப் போனாள். ரொசாரி தனியாக உட்கார்ந்திருந்தார். தோற்றுப்போன ஒரு நிலையைக் கம்ப்யூட்டரில் அமைத்து, அவள் தோற்ற பக்கத்தை எடுத்துக்கொண்டு ஆடினாள். தோற்றாள். மறுபடி ஆடினாள். மறுபடி தோற்றாள். எவ்வளவு இழுத்தாலும் அதற்குப் பசிக்கவில்லை, வீட்டு ஞாபகம் வரவில்லை.

“இது தப்பே பண்ணாது, இல்லியா அண்ணாச்சி.”

“பண்ணாதும்மா. இனிமே வாரது இன்னும் பண்ணாது. உலகத்துல உள்ள பெரிய பெரிய ஆளெல்லாம் இதுகிட்ட தோக்கப் போறான். அப்படித்தான் எழுதுதானுவ.”

“எங்க வீட்டு அவியளுக்கு வந்திருக்க சீக்கு இருக்கே, அது இது மாதிரியா, இல்ல நம்மள மாதிரியா?”

ரொசாரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“தெரியலியே தங்கச்சி.”

“நம்மள மாதிரின்னா, அது ஒரு தப்புப் பண்ணும். அதுவரைக்கும் ஒக்காந்துருக்கணும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஆஸ்பத்திரியில், படுத்துக்கிடந்த ராஜாவை எடுத்து ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள். பிறகு கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

“அவியளுக்கெல்லாம் கை கொடுத்தியள். எனக்குக் கொடுத்தியளா?”

ஆதிலிங்கம் சார் யோசித்தார். “இல்ல.”

“இத்தன வருசமா நீங்க ஆடுனது அவியகூடயா, என்கூடயா?”

அவர் கையை நீட்டினார். எலும்பும் நரம்புமாக அந்தக் கை அவளுக்கு முன்னால் நின்றது. அவள் பிடிக்கவில்லை.

“நான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்” என்றாள்.

“எவ்வளவு நேரம் யோசிப்ப?”

“கடிகாரம் வச்சா ஆடுதோம்? யோசிக்கும்போது எதுத்த ஆளு எந்திரிச்சுப் போகக்கூடாது. உங்க கழகத்துச் சட்டந்தான. மாத்திரையப் போடுங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் விலா வலித்தது. ஒழுங்கான மனிதர், சட்டத்தை மீறத் தெரியாதவர். கையை மடக்கிக்கொண்டு மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

மாசியில் முடிந்துபோன மனிதர் பங்குனியில் கஞ்சி குடித்தார், வைகாசியில் எழுந்து உட்கார்ந்தார், ஆடிக்காற்றில் வராந்தா வரைக்கும் நடந்துபோய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தார். டாக்டர் மெர்சி சந்தோஷப்பட்டாள். ஊர் அவ்வளவாகச் சந்தோஷப்படவில்லை. துக்கம் விசாரித்து முடித்துவிட்டவர்களுக்கு அவரை எதிரே பார்க்கக் கூச்சமாக இருந்தது. போகவேண்டியவரைச் சுயம்புக்கனி பிடித்து வைத்திருக்கிறாள், கை கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள், இது என்ன ஆட்டம் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். பேச்சியம்மாள் புது வேட்டியைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, அண்ணனைப் பார்க்கும்போதெல்லாம் குற்றவாளிமாதிரித் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆனால் அந்த மாசங்கள் சுயம்புக்கனிக்கு எப்படிப் போயின என்பதை யாரும் கேட்கவில்லை. அவருக்கு ஊட்டினாள், துடைத்தாள், முதுகு தடவினாள், காலைப் பிடித்துவிட்டாள். கையை மட்டும் தொடவில்லை. டம்ளரைக் கொடுக்கும்போது விரல் படாமல் கொடுத்தாள். ஊசி போடுகையில் வலி தாங்காமல் அவர் கை பிடிமானம் தேடிக் காற்றில் துழாவும். அவள் முந்தானை நுனியைச் சுருட்டி அதில் வைப்பாள், அவர் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். தூங்கும்போது திறந்து கிடக்கும் அந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தன் கையை அதில் வைத்தால் என்ன என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். வைக்க மாட்டாள். அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயைப் பொத்தி அழுவாள்.

ஐப்பசியில் வியாதி திரும்ப வந்தது. இந்தமுறை மாத்திரை கேட்கவில்லை. டாக்டர் மெர்சி இன்னொரு மருந்து எழுதினாள், பிறகு வலிக்கு மட்டும் எழுதினாள். சுயம்புக்கனி நாற்காலியை விட்டு எழவில்லை. யோசித்துக்கொண்டேதான் இருந்தாள். வலி அவரைச் சுருட்டி எறிந்த நேரங்களிலும் அவர் ஒரு தடவைகூட, போதும் கனி என்று சொல்லவில்லை. எதிராளி யோசிக்கும்போது பேசக்கூடாது.

அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு பகலில், ஊசியின் மயக்கம் தெளிந்து, அவர் கண்ணைத் திறந்து அவளைத் தேடினார். முந்தானை நுனியை எடுத்து அவர் கையில் வைக்கப்போனாள். அவர் அதை விலக்கினார். வெறுங்கையைப் படுக்கைமேல் மல்லாத்தி வைத்தார்.

“கையக் கொடுட்டி.”

அவள் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

“சும்மா பிடிக்கத்தான். இது அதுக்கில்ல.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பலகையிலும் பலகைக்கு வெளியிலும் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். அதனால் அதைச் சரியாகச் சொல்ல வரவில்லை, கடைசி வார்த்தையில் குரல் பிசகிவிட்டது.

“அதுக்கில்லதான?” என்று கேட்டாள்.

“இல்ல.”

அவள் முந்தானைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டு, அவர் கையில் வைத்தாள்.